குதிநாண் வலி: படிக்கட்டே மருந்தானது

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓடும் எனக்குக் குதிகாலுக்குச் சற்று மேலே, கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாணின் நடுப்பகுதியில், தடிப்பும் வலியும் வந்தன. காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள்தான் கொடுமை. ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னார்கள் சிலர். நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்பதால் மறுத்துவிட்டேன்.

பிசியோதெரபி அக்கா காட்டிய வழி, சுவீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்டது. படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலின் பலத்தில் எழும்பி, வலிக்கும் காலில் மட்டும் நின்று குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். இறக்கம்தான் மருந்து. முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஓரளவு வலி இருக்கத்தான் செய்யும். எளிதானதும் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும்.

மாலைச் சுற்றைக் குறுக்குத்துறைப் படித்துறையின் காய்ந்த படிகளில் செய்தேன். வலி மெல்ல விலகியது. இப்போது மீண்டும் ஓடுகிறேன். முழு ஓய்வு நாணை வலுவாக்காது, அளவான சுமைதான் வலுவாக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

நாண் எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்கள் படிக்குக் கீழே இறக்காமல் தரைமட்டத்திலேயே செய்ய வேண்டும்.