ஹிரா குகைக்கு ஏறப் போகிறீர்களா? முதன்முறை செல்பவர்களுக்கான வழிமுறை

நபி (ஸல்) அவர்களுக்கு முதல் வஹீ (இறைச்செய்தி) இறங்கிய ஹிரா குகை, மக்காவில் கஅபா உள்ள பள்ளிவாசலான ஹரம் ஷரீஃபிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜபலுந் நூர் மலையில் இருக்கிறது. ஏறும் முன் ஒன்றை மனத்தில் உறுதியாக வையுங்கள். இந்த மலை ஏறுவது ஹஜ்ஜின் கடமையும் அல்ல, உம்ராவின் சுன்னத்தும் (நபிவழி) அல்ல. போகாவிட்டால் அமலில் குறை வராது. பாதியில் திரும்பினாலும் எதுவும் தவறிவிடாது. முழங்கால் தேய்மானம், இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் அடிவாரத்தோடு நிற்பதே சரி. அங்கே 2023-இல் திறக்கப்பட்ட ஹிரா கலாசார வளாகத்தில் வஹீயின் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சி உண்டு. பெரியவர்களை அங்கே அழைத்துப் போகலாம்.

எந்த நாளில்?
உம்ராவை முடித்து, முடி களைந்து, இஹ்ராமிலிருந்து (ஹஜ், உம்ராவுக்கான கட்டுப்பாட்டு நிலை) வெளிவந்த பிறகு போங்கள். இஹ்ராம் துண்டோடும் திறந்த செருப்போடும் இந்தப் படிகளில் ஏறுவது ஆபத்து. மலை மக்காவைச் சுற்றியுள்ள புனித ஹரம் எல்லைக்குள்ளேயே இருப்பதால், திரும்பி வரும்போது புதிதாக இஹ்ராம் கட்ட வேண்டியதில்லை. ஹஜ்ஜுக்கு வந்தவர்கள், ஹஜ் தொடங்கும் துல்ஹஜ் 8-க்கு முந்தைய சில நாள்களில் கண்டிப்பாக ஏற வேண்டாம். ஏறி இறங்கிய பிறகு இரண்டு நாளைக்குத் தொடையும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். மினா, அரஃபா, முஸ்தலிஃபா நடைக்குத் தேவையான தெம்பை இங்கே செலவழித்துவிடாதீர்கள்.

எந்த நேரத்தில்?
ஸுபுஹு (வைகறைத் தொழுகை) பாங்குக்கு இரண்டு மணி நேரம் முன்பே அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். மேலே ஸுபுஹு தொழுதுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாம். கோடையில் மக்காவின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். வழியில் மர நிழல் கிடையாது, பாறையும் சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கும். அஸருக்கு (மாலைத் தொழுகை) பிறகு ஏறினால் இருட்டில் இறங்க நேரும். பெரும்பாலும் கால் இடறுவது இறங்கும்போதுதான்.

எடுத்துச் செல்ல:
- ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர், சில பேரீச்சம்பழங்கள்
- அடிப்பாகம் வழுக்காத ஷூ
- டார்ச் (செல்போன் விளக்கு என்றால் ஒரு கை போய்விடும்)
- முதுகில் மாட்டும் சிறிய பை

கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். மலையில் குரங்குகள் உண்டு, பையைப் பார்த்தால் பறிக்க வரும். வுளூவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) அறையிலேயே செய்துவிடுங்கள்.

அடிவாரம் வரை:
புனித இடங்களைப் பார்க்கக் குழுவாக அழைத்துப் போகும் ஜியாரத் பஸ் பெரும்பாலும் மலையைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடும், ஏற நேரம் தராது. தனியாக டாக்ஸி பிடியுங்கள். வாடகையை ஏறும் முன்பே பேசி, “ஜபல் நூர், ஹிரா” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஹிஜ்ரத்தின்போது (மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபோது) நபியவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் மூன்று இரவு தங்கிய ஸவ்ர் குகை மக்காவின் தெற்கே இருக்கிற வேறொரு மலை, அங்கே ஏற்றம் இன்னும் நீளம். இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் நிற்பவர்கள் உண்டு.

ஏற்றம்:
படிக்கட்டுக்கு முன்பே செங்குத்தான சாலை ஒன்று வரும். புதிதாக வருபவர்கள் அதில் வேகமாக நடந்து, முதல் படியிலேயே மூச்சு வாங்கி நிற்பார்கள். அங்கேயே மெல்ல நடங்கள். படிகள் ஆயிரத்துக்கு மேல். ஒரு படி அரை அடி, அடுத்தது ஓரடி என்று உயரம் ஒரே சீராக இருக்காது, அதனால் காலைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். கைப்பிடி இல்லாத இடங்களில் மலைச்சரிவை ஒட்டி நடங்கள். பத்து நிமிடம் ஏறி இரண்டு நிமிடம் நின்றால் முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடலாம். தலை சுற்றினாலோ, நெஞ்சு இறுகினாலோ, வியர்வை சட்டென்று நின்றாலோ உடனே உட்காருங்கள், துணைக்கு வந்தவரைக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் ஏறாதீர்கள்.

குகை:
உச்சியை அடைந்ததும் குகை வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுபக்கம் சில படிகள் கீழே இறங்க வேண்டும். அங்கே பெரும்பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு வரும், பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். பையை முன்னே பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைத் தவிர்க்கப் பாறை மேல் ஏறிச் சுற்றி வருகிறவர்களைப் பின்பற்ற வேண்டாம். சறுக்கினால் பிடிக்க எதுவும் இல்லை.

குகையின் நீளம் நான்கு மீட்டருக்கும் குறைவு, அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு மூன்று பேர் நின்றாலே நிறைந்துவிடும். இவ்வளவு சிறிய இடத்தில்தான் நபியவர்கள் பல இரவுகள் தனித்திருந்தார்கள், கொண்டுவந்த உணவு தீர்ந்தால் மனைவி கதீஜா (ரலி) அவர்களிடம் இறங்கிப் போய் மீண்டும் எடுத்து வந்தார்கள். வானவர் ஜிப்ரீல் (அலை) மூன்று முறை இறுகக் கட்டியணைத்து ஓதச் சொன்னதும் இங்கேதான். அப்போது இறங்கிய, குர்ஆனின் ஸூரத்துல் அலக்கின் முதல் ஐந்து ஆயத்துகளைப் பொருளோடு படித்துக்கொண்டு போனால், அங்கே நிற்கும் ஒரு நிமிடமும் நிறைவாக இருக்கும்.

குகைக்குள் தொழுவதற்கென்று தனிச் சிறப்பு ஏதும் சொல்லப்படவில்லை. ஸுபுஹு தொழுத பிறகு சூரியன் நன்றாக உயரும் வரை நஃபில் (உபரித் தொழுகை) தொழக் கூடாத நேரம் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வரிசையில் இடித்துத் தள்ளி ஒருவரை நோகடிப்பதைவிட, வெளியே நின்று துஆ கேட்டுவிட்டு வருவது மேல். பாறையில் பெயர் எழுதுவது, துணி முடிவது, பரக்கத்துக்கென்று மண் எடுப்பது எதுவும் கூடாது.

இறக்கம்:
ஷூ கயிற்றை மறுபடி இறுகக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் கால் முன்னே சரிந்து விரல் நகம் அடிபடும். உயரமான படிகளில் குதிக்காமல், உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி ஒவ்வொரு காலாக இறக்குங்கள். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கையாவது இதற்கென்று மீதி வையுங்கள். அன்றைய தவாஃபை (கஅபாவை வலம் வருவது) இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.