கிலுகிலுப்பையும் புள்ளி விட்டிலும்: மேய்ச்சல் தரையில் நாம் செய்யும் தவறுகள்

பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம், பனைகளுக்கு நடுவே ஆடுமாடு மேயும் புல்தரைகள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் அங்கே நடந்தால், காலடியிலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பிப் பத்தடி பறந்து புல்லுக்குள் மறைந்துவிடும். குனிந்து தேடினால் சிறகை உடம்போடு ஒட்டச் சுருட்டிக்கொண்டு தண்டில் ஒட்டியிருக்கும். வெள்ளைச் சிறகில் வரிசையாகச் சிவப்பும் கறுப்புமாகப் பொட்டுகள். சிறகை விரித்தால் 3, 4 செ.மீ. இருக்கும். பகலில் பறப்பதால் பலரும் வண்ணத்துப்பூச்சி என்று நினைக்கிறார்கள். இது விட்டில், அதாவது அந்துப்பூச்சி. அறிவியலில் யூட்டதீசா என்ற பேரினம். ஒன்றுபோல் இருக்கும் சில இனங்கள் அதில் உண்டு.

இதன் புழுவுக்குக் கிலுகிலுப்பைதான் முக்கியமான சாப்பாடு. காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே விதை குலுங்குமே, அதே செடி. ஒருமுறை பச்சைக்காய் ஒன்றில் ஓட்டை தெரியவே பிளந்து பார்த்தேன். உள்ளே தலையை நுழைத்து, விதையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது புழு. அந்தச் செடியில் ஒரு நஞ்சு இருக்கிறது. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும். விட்டிலான பிறகும் அது கூடவே இருக்கும். அமெரிக்காவில் உள்ள இதன் உறவு இனத்தை கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அந்த நஞ்சு பிடிக்காததால், வலையில் விழுந்த விட்டிலைச் சிலந்தியே நூலை வெட்டி வெளியே விட்டுவிடுகிறது! ஆண் விட்டில் இணையும்போது அந்த நஞ்சைப் பெண்ணுக்குக் கொடுக்க, பெண் முட்டைகளுக்கும் கொடுக்கிறது.

அதனால் முதல் தவறு, கிலுகிலுப்பையை வெறும் களை என்று களைக்கொல்லி அடிப்பது. மாடு அதிகம் தின்றால் அந்த நஞ்சு மாட்டுக்கும் ஆகாது, அந்தப் பயம் நியாயமானது. தீவனம் அறுக்கிற இடத்தில் பிடுங்குங்கள். வேலியோரம், வரப்போரம் நிற்பதை விட்டுவிடுங்கள். நீலவரியன் வண்ணத்துப்பூச்சிகளும் அதைத் தேடித்தான் வரும்.

பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைப்பவர்கள், புழுவைப் பார்த்ததும் மருந்து வாங்க ஓடுகிறார்கள். சணப்பையும் கிலுகிலுப்பை இனம்தான், புழு வரத்தான் செய்யும். பூ எடுக்கும்போது, 45 நாள் வாக்கில், எப்படியும் மடக்கி உழப்போகிற பயிருக்கு மருந்துச் செலவு எதற்கு? விதைக்கு விட்டிருந்தால் மட்டும் கவனியுங்கள். சிறிய பாத்தி என்றால் கையாலேயே பொறுக்கிவிடலாம்.

எனக்கு மனசு ஆறாத தவறு, புல்தரையில் மரம் நடுவது. எங்கள் பக்கத்தில் ஒரு ஜூன் மாதம், நல்ல எண்ணத்தோடுதான், மேய்ச்சல் தரை முழுக்கக் குழி வெட்டிக் கன்று நட்டார்கள். பாதி காய்ந்தது. குழி தோண்டிய மண்ணில் பார்த்தீனியம் ஏறியது. அடுத்த வருடம் அங்கே கிலுகிலுப்பையும் இல்லை, விட்டிலும் இல்லை. ஆவணத்தில் 'தரிசு' என்று எழுதியிருப்பதால் காலி இடம் என்று ஆகிவிடாது. வெயில் நேராகத் தரையில் விழுந்தால்தான் அங்குள்ள செடிகள் முளைக்கும். மரம் நட வீட்டோரமும் சாலையோரமும் இருக்கின்றன.

கோடையில் காய்ந்த புல்லை ஒரே நாளில் முழுதாகக் கொளுத்துவதும் அப்படித்தான். சருகுக்குள் கூட்டுப்புழு இருக்கும். எரிக்காமல் இருப்பது நல்லது. முடியாது என்றால் ஒரு பகுதியையாவது அந்த வருடம் விட்டுவையுங்கள். அதற்காக மேய்ச்சலை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். ஆடுமாடு வராத தரையில் முள்ளும் புதரும் ஏறிவிடும்.

அப்புறம், பார்க்கப் போகிறவர்கள் பிடித்துப் பார்க்காதீர்கள். சிறகுத் தூள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மழை விட்ட பிறகு, வெயில் ஏறுமுன், பூத்த கிலுகிலுப்பைப் பக்கத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். அதுவே வந்து உட்காரும்.