இறந்த தந்தையின் விவசாய நிலத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றுவது எப்படி?

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வைத்திருந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், பிள்ளைகள் முதலில் அலைவது பட்டா மாற்றத்துக்காகத்தான். ஆனால் பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே. அதை வைத்தே உரிமையை நிலைநாட்ட முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆகவே பங்கு பிரித்துப் பத்திரம் பதிந்த பிறகு தனிப் பட்டாவுக்கு விண்ணப்பிப்பதே சரியான வரிசை.

படி 1: இறப்புச் சான்றிதழைப் பெற்று, இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். கட்டிக்கொடுத்த மகளின் பெயரை விட்டுவிட்டு வாங்கும் சான்றிதழ், பின்னாளில் வழக்குக்குத்தான் வழிவகுக்கும்.

படி 2: தாய்ப்பத்திரம் (நிலம் வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரம்), வில்லங்கச் சான்று (நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்), சிட்டா (உரிமையாளர் பெயரும் பரப்பளவும் உள்ள வருவாய்ப் பதிவு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றை எடுத்து, சர்வே எண்ணும் பரப்பளவும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் நிலுவை உண்டா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

படி 3: பங்கைக் கணக்கிடுங்கள். இறந்தவர் இந்துவாக இருந்து, நிலம் அவருடைய சுயசம்பாத்தியமாகவும் இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, தாய், மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சமபங்கு. 5 ஏக்கர் நிலத்துக்கு மனைவி, தாய், 2 மகன்கள், 1 மகள் இருந்தால் ஆளுக்கு 1 ஏக்கர். பிள்ளைகளில் யாராவது முன்பே இறந்திருந்தால், மகனானால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும், மகளானால் அவருடைய பிள்ளைகளும் அந்தப் பங்கைப் பெறுவர். பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு. அதில் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு என்றும், அதற்குத் தந்தை திருத்தம் வந்த நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் வாரிசுரிமை விதிகள் வேறு.

"சீர் செய்தாகிவிட்டது, அதுதான் அவள் பங்கு" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. மகள் மனமுவந்து தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக இருந்தால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்து போதாது.

படி 4: பாகப்பிரிவினைப் பத்திரம். இங்கேதான் நிதானம் தேவை. பத்திரம் எழுதும் முன்பே நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொருவரின் பாகத்தையும் தனித்தனி ஷெட்யூலாக (சொத்து விவரப் பட்டியலாக), சர்வே எண், பரப்பளவு, நான்கு எல்லை ஆகியவற்றோடு எழுதச் சொல்லுங்கள். நிலத்தைக் கச்சிதமாகப் பிரித்துவிட்டு, கிணற்றை மறந்துவிடும் குடும்பங்கள் ஏராளம். கிணறு, மோட்டார், இலவச மின் இணைப்பு மூன்றும் பொதுவானவையா, தண்ணீர் பாய்ச்சும் முறைநாள் எப்படி, தூர் வாரும் செலவும் மோட்டார் பழுதுபார்க்கும் செலவும் யாருடையவை என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பின்பக்கத்துப் பாகத்துக்கு வண்டிப்பாதை எத்தனை அடி அகலம் என்பதையும் எண்ணால் எழுதுங்கள். "மாமூல் வழி" என்று மட்டும் எழுதிவைத்தால், இன்று மாட்டுவண்டி போன இடத்தில் நாளை அறுவடை இயந்திரம் நுழைய முடியாமல் நிற்கும். வாய்மொழிப் பாகப்பிரிவினையும் செல்லும்தான், ஆனால் தகராறு வந்தால் அதை நிரூபிப்பது பெரும்பாடு. குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் உச்சவரம்பு இருப்பதால் செலவுக்கு அஞ்சிப் பதிவைத் தவிர்க்க வேண்டாம்.

படி 5: பதிவான பத்திரத்துடன், சர்வே எண்ணை உட்பிரிவு செய்து தனிப் பட்டா தரும்படி இ-சேவை வழியாக விண்ணப்பியுங்கள். நில அளவர் வரும் நாளில் பங்காளிகள் அனைவரும் வயலில் இருப்பது நல்லது. இன்னும் பாகம் பிரிக்காதவர்கள் இறப்பு, வாரிசுச் சான்றிதழ்களைக் கொண்டு கூட்டுப் பட்டாவில் எல்லாப் பெயர்களையும் சேர்க்கக் கேட்கலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். உரிமையிலேயே தகராறு என்றால் அங்கே தீராது. உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு முன் பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.