தலைவர்களை விமர்சிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

“அமைச்சருக்கு வெட்கமே இல்லை” என்பது கருத்து. “அமைச்சர் ஒப்பந்தக்காரரிடம் பணம் வாங்கினார்” என்பது தகவல். முதலாவதற்கு யாரும் ஆதாரம் கேட்க முடியாது. இரண்டாவதற்குக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அரசியல் விமர்சனத்தில் நடக்கும் தவறுகளில் பல, இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடுவதால் வருபவை.

ஆஸ்திரியப் பத்திரிகையாளர் பீட்டர் லிங்கன்ஸ் 1975இல் அன்றைய சான்சலர் (பிரதமருக்கு இணையான பதவி) புரூனோ கிரைஸ்கியின் போக்கைக் கீழ்த்தரமான சந்தர்ப்பவாதம் என்று எழுதினார். அது உண்மை என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லி அந்நாட்டு நீதிமன்றங்கள் அபராதம் விதித்தன. 1986இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நடந்ததை நிரூபிக்கலாம், மதிப்பீட்டை எப்படி நிரூபிப்பது? தனிமனிதரைவிட அரசியல்வாதி கூடுதலான விமர்சனத்தைத் தாங்கியாக வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் கருத்து அந்தரத்தில் தொங்கக் கூடாது. அதைத் தாங்க ஒரு தகவலாவது அடியில் இருக்க வேண்டும்.

ஆகவே எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதியுங்கள்: “இது பொய் என்று ஆவணம் காட்டி யாராவது மறுக்க முடியுமா?” முடியும் என்றால் அது தகவல். அதற்கான ஆதாரத்தைத் தேதியோடு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு, தணிக்கை அறிக்கை, அரசாணை, தீர்ப்பின் நகல், வெட்டப்படாத முழுக் காணொளி ஆகியவை ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போக ஒரு துப்பு, அவ்வளவுதான். ஆதாரம் கிடைக்காத வாக்கியத்தை, மனம் எவ்வளவு வலித்தாலும், எடுத்துவிடுங்கள்.

எடுக்க மனமில்லாதவர்கள் வழக்கமாக இரண்டு குறுக்குவழிகளில் போகிறார்கள். ஒன்று கேள்விக்குறி: “லஞ்சம் வாங்கினாரா?” இன்னொன்று “என்று பேசிக்கொள்கிறார்கள்”. இரண்டுமே காப்பாற்றாது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகள் பலவற்றில், அடுத்தவர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொல்வதும் அவதூறுதான். உண்மை என்று நிரூபிக்கும் சுமையும் சொன்னவர் தலையில்தான் விழும்.

நோக்கம் கற்பிப்பது இதைவிட நுட்பமான தவறு. ஒரு தலைவர் என்ன செய்தார் என்பது பதிவில் இருக்கும், ஏன் செய்தார் என்பது இருக்காது. “மைத்துனருக்காகவே டெண்டர் விதியை மாற்றினார்” என்று எழுதாதீர்கள். விதி மாறிய தேதி, மைத்துனரின் நிறுவனம் விண்ணப்பித்த தேதி, டெண்டர் அவருக்குப் போன தேதி மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு, “இதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை” என்று முடியுங்கள். சொன்னது நிற்கும், வாசகருக்கும் உறைக்கும்.

சின்னப் பிழைகளை அலட்சியம் செய்யாதீர்கள். 1960இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு விளம்பரம், மார்ட்டின் லூதர் கிங் ஏழு முறை கைதானார் என்றது. உண்மையில் நான்கு முறை. மாணவர்கள் பாடிய பாட்டின் பெயரும் தவறு. இப்படிப்பட்ட பிழைகளைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்ட மான்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவனுக்கு, அவர் பெயரே அதில் இல்லாதபோதும், ஜூரி 5 லட்சம் டாலர் தரச் சொன்னது. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பொய் என்று தெரிந்தோ, பொய்யாக இருந்தால் என்ன என்ற அலட்சியத்தோடோ எழுதியதாகக் காட்டினால்தான் பொது அதிகாரிக்கு இழப்பீடு என்றது. பல நாடுகளில் இந்தக் கவசம் கிடையாது. எண்ணையும் பெயரையும் இரண்டு முறை சரிபார்ப்பது வழக்கு நடத்துவதைவிட மலிவு.

நையாண்டிக்கு இடம் அதிகம். 2008இல் பிரெஞ்சு அதிபர் சர்க்கோசி யாரையோ திட்டிய வசையையே அட்டையில் எழுதி அவர் வரும் வழியில் பிடித்த ஒருவருக்கு 30 யூரோ அபராதம் விதித்தார்கள். 2013இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதைக் கருத்துரிமை மீறல் என்றது. அதிபரை அவமதிக்கும் குற்றத்தையே பிரான்ஸ் அதே ஆண்டு சட்டத்திலிருந்து நீக்கியது. ஆனால் நையாண்டி என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். தலைவரின் குரலைப் போலியாகச் செய்து அறிவிப்பில்லாமல் உலவவிடுவது நையாண்டி அல்ல, பொய்த் தகவல்.

மிரட்டலாகப் படிக்கக்கூடிய வாக்கியம் வேண்டவே வேண்டாம். “துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் நான் முதலில் குறிவைப்பது ஜான்சனைத்தான்” என்ற பொருளில் அன்றைய அமெரிக்க அதிபரைப் பற்றிக் கூட்டத்தில் பேசிய இளைஞரை, அது வெறும் அரசியல் மிகைப்பேச்சு என்று 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்தது உண்மைதான். ஆனால் பேசியது 1966இல். நடுவில் அவர் கீழ் நீதிமன்றங்களில் தண்டனைக்கு உள்ளானார்.

தலைவர், அரசு, நாடு மூன்றும் ஒன்று என்று நினைப்பது, விமர்சனத்தை எதிர்ப்பவர்கள் செய்யும் தவறு. அரசு அமைப்பு அவதூறு வழக்குப் போட முடியாது என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை 1993இல் தீர்ப்பளித்தது, இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் அதை ஏற்றது. நாட்டின் தலைவரும் விமர்சனத்துக்கு உட்பட்டவரே, அவதூறுக்குச் சிறை ஒருபோதும் பொருத்தமான தண்டனை அல்ல என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் சொன்னது. ஆயினும் தாய்லாந்தில் மன்னரை அவமதித்ததாக ஒரு குற்றச்சாட்டு உறுதியானாலே 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. எழுதுமுன், நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் படியுங்கள். கருத்துரிமை அரசின் கையைத்தான் கட்டும். வேலை தரும் நிறுவனத்தின் விதிகள் வேறு.

பிழை தெரிந்தால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். எந்த வாக்கியம் தவறு, சரி எது, எப்போது திருத்தப்பட்டது என்பதை அதே இடத்தில் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தால், எதையும் தொடுவதற்கு முன் மூலப் பதிவு, அதன் இணைப்பு, வெளியான நேரம், நீங்கள் நம்பிய ஆவணங்கள் ஆகியவற்றைத் தனியாகச் சேமித்து, வழக்கறிஞரிடம் எடுத்துப் போங்கள்.