ஆல்ஜினேட் மணிக்குள் மருந்தை அடைக்கும் முறை

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கலக்கிக்கொண்டே 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசைப்பொருள்) சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். நன்கு பொடித்த மருந்து 1 கிராம் சேர்த்து, காற்றுக்குமிழ் அடங்கும்வரை விட்டுவையுங்கள்.

22 கேஜ் ஊசிவழியே 2 சதவீதக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிடுங்கள்; கால்சியம் பட்டதும் ஒவ்வொரு சொட்டும் இறுகிச் சிறு மணியாகும். மணிக்கு வால் முளைத்தால் ஆல்ஜினேட் கெட்டியாக இருக்கிறது, அல்லது ஊசி மிகத் தாழ்ந்திருக்கிறது. தட்டையானால் உயரம் அதிகம். மைக்ரான் அளவு வேண்டுமென்றால் சொட்டைக் காற்றால் சிதறடிக்கும் நாசில் தேவை.

மருந்து பெரும்பாலும் வீணாவது இங்கேதான்: நீரில் எளிதில் கரைவது, மணி இறுகும்போதே வெளியே கசிந்துவிடும். அதனால் 15 நிமிடத்தில் வடித்து, லேசாக அலசி, 40 டிகிரியில் உலர்த்துங்கள். 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.5 சதவீதக் கைட்டோசானில் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) தோய்த்தால் மேலுறை கிடைக்கும், மருந்து வெளியேறுவதும் மெதுவாகும்.

மருந்து எப்படி வெளியேறுகிறது என்ற சோதனையை, இரைப்பை போன்ற பி.எச். 1.2 அமிலத்தில் 2 மணி நேரம், பிறகு குடல் போன்ற பி.எச். 6.8 பாஸ்பேட் கரைசலில் நடத்துங்கள். பாஸ்பேட் கால்சியத்தை உருவிக்கொள்ளும். மணி உப்பி உடைவது அதனால்தான்.