பிளவு அண்ணக் குழந்தையின் பற்களை எண்ணுவது எப்படி?

எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு முதல் நாளே 20 கட்டம் போட்ட தாள் ஒன்றைக் கொடுத்துவிடுவேன். ஒரு பால்பல்லுக்கு ஒரு கட்டம். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு (மேல்வாயில் பிளவு) உள்ள பிள்ளைக்குச் செய்த பல் வைத்தியம் பலித்ததா என்று அந்தத் தாள்தான் சொல்லவேண்டும். "இப்ப பரவாயில்ல டாக்டர்" என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பி எழுதக்கூடாது.

அளக்கத் தோதான வயது 5. பால்பற்கள் முளைத்து முடிந்திருக்கும். பெரும்பாலும் விழ ஆரம்பித்திருக்காது. இந்தப் பிள்ளைகள் ஆபரேஷன் தியேட்டரை ஏற்கெனவே பார்த்தவர்கள், பல் நாற்காலியைக் கண்டாலே மிரளுவார்கள். அம்மா மடியிலேயே உட்காரவைத்து, தலையை மட்டும் என் மடிக்குச் சாய்த்துக்கொள்வேன். பல் துலக்கிவிட்டு, பஞ்சால் ஈரத்தை ஒற்றியெடுத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கூர்முனைக் கருவியால் குத்திப் பார்க்கவேண்டாம்.

சொத்தை இருந்தால் டி, சொத்தையால் பிடுங்கியிருந்தால் எம், அடைத்திருந்தால் எஃப். அடைத்த பல்லிலேயே புதுச் சொத்தை வந்திருந்தால் அதுவும் டிதான். மூன்றையும் கூட்டினால் டிஎம்எஃப்டி (கடைசி 'டி' டீத், அதாவது பல்).

சறுக்குவது பிளவை ஒட்டிய பக்கவாட்டு வெட்டுப்பல்லில். அது முளைக்காமலே போகலாம், இரண்டாக முளைக்கலாம், எனாமல் குறைந்து மஞ்சளாகவும் நிற்கலாம். ஒரு பையனுக்கு 62ஆம் எண் பல், அதாவது மேல்வரிசையில் இடப்பக்கத்துப் பக்கவாட்டு வெட்டுப்பல், இல்லை. தாளில் எம் என்று எழுதியிருந்தார்கள். அம்மாவிடம் கேட்டேன்: "அது மொளைக்கவே இல்லீங்களே." பிறவியிலேயே இல்லாத பல்லுக்குச் சொத்தைக் கணக்கில் இடமில்லை. 7 என்றிருந்தது 6 ஆயிற்று: நாலு சொத்தை, இரண்டு அடைப்பு.

அதே பையனுக்கு வைத்தியம் முடிந்தபின் மூன்று சொத்தையை அடைத்து, ஒன்றைப் பிடுங்கியிருந்தோம். மறுபடி எண்ணினால் அப்போதும் 6! பயிற்சி டாக்டர் முகம் வாடிவிட்டது. வாடவேண்டியதில்லை. டிஎம்எஃப்டி பட்ட காயத்தின் கணக்கு. வைத்தியத்தால் அது குறையாது. பார்க்கவேண்டியது டி, அது 4இலிருந்து 0. ஆறில் அடைத்தவை 2இலிருந்து 5, அதாவது 33 விழுக்காடு 83 ஆயிற்று. சீழ்க்கட்டி, ஈறில் துளை, வெளியே தெரியும் பல்கூழ், பல் கிழித்த புண் இவற்றை எண்ணும் 'புஃபா' கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள். வைத்தியத்தால் இறங்கும் எண் அது. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து டிஎம்எஃப்டி ஏறியிருந்தால், நம் அடைப்பைக் குறைசொல்லும் முன் ராத்திரிப் பால்பாட்டிலில் சர்க்கரை போகிறதா என்று விசாரியுங்கள்.

மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்துவதை அளக்கும் 'ஐந்து வயதுக் குறியீடு' வேறு சமாசாரம். ஒருபக்க முழுப்பிளவுப் பிள்ளைகளின் பல்வரிசையை வார்த்தெடுத்த மாவுக்கட்டு அச்சுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், 1 நல்லது. அது பெரும்பாலும் அறுவை செய்தவரின் கைக்கான மார்க், நமக்கானதல்ல. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

பல பிள்ளைகளின் கணக்கைச் சேர்க்கும்போது சராசரியை மட்டும் தராமல், சொத்தையே இல்லாதவர் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். நாலைந்து பிள்ளைகளின் வாய் நிறையச் சொத்தை இருந்தாலே சராசரி ஏறிவிடும்.

மறுமுறை எண்ணுகிறவர் பழைய தாளைப் பார்க்கக்கூடாது. நான் அதை மடித்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவேன்.