முழுமைத் திட்ட வரைவுக்கு ஆட்சேபனையும் ஆலோசனையும் எழுதுவது எப்படி

ஓர் ஊரில் எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிற்சாலைக்கு, எது விவசாயத்துக்கு என்று வகைப்படுத்தும் ஆவணத்தைத் தமிழ்நாட்டில் முழுமைத் திட்டம் என்கிறோம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தயாராகும் இத்திட்டத்துக்கு அரசு ஒப்புதல் அளித்துவிட்டால், அதற்கு மாறான முறையில் நிலத்தைப் பயன்படுத்த அச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சென்னைக்கு முதல் திட்டம் 1976-இலும் இரண்டாவது 2008-இலும் வந்தன. கோயம்புத்தூரில் 1994-ஆம் ஆண்டுத் திட்டமே முப்பது ஆண்டுகள் ஓடி, 2041-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்ட புதிய வரைவு 2024-இல்தான் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. வரைவு வெளியாகும் அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டவர் அடுத்த வாய்ப்புக்கு ஒரு தலைமுறை காத்திருக்க நேரலாம் என்பதால், என்ன எழுதுவது, எப்போது எழுதுவது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, எழுத்து மூலமான ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் கேட்க வேண்டும். அதற்கான அவகாசம் அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. நாளிதழில் விளம்பரம் கண்ணில் பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் கடைசி நாள் கைநழுவிப் போகும். அரசிதழ்த் தேதியையே குறித்துக்கொள்ளுங்கள். நிலம் வைத்திருப்பவர் மட்டுமல்ல, வாடகைக்குக் குடியிருப்பவர் உட்பட எவரும் எழுதலாம். மனுவை யாருக்கு அனுப்புவது என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னைப் பெருநகரில் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கீழ் இயங்கும் உள்ளூர் திட்டக் குழுமம், புதுநகர் வளர்ச்சிக் குழுமம் போன்றவை. ஐயம் இருந்தால், அண்மையில் வீடு கட்டிய அண்டை வீட்டாரின் திட்ட அனுமதி ஆணையை வாங்கிப் பாருங்கள். உங்கள் பகுதிக்குரிய குழுமத்தின் பெயர் அதில் இருக்கக்கூடும்.

இரண்டு மாதம் நீண்ட காலம் போலத் தோன்றும், ஆனால் ஆவணம் சேர்ப்பதிலேயே பாதி போய்விடும். ஆகவே வரைவு வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பட்டா, அ-பதிவேட்டுப் பக்கம் (கிராமத்து நிலங்களைப் புல எண், அதாவது சர்வே எண், வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு), புலப்பட வரைபடம் (ஒரு புல எண்ணின் எல்லைகளையும் உட்பிரிவுகளையும் காட்டும் படம்) ஆகியவற்றை அரசின் இணையச் சேவையிலேயே பெறலாம். கிராம வரைபடத்தின் ஒரு நகலும் வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால் ஆகியவை எந்தெந்தப் புல எண்களில் உள்ளன என்பதை அ-பதிவேட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எழும் வாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஒரு தாளே ஆதாரமாக நிற்கும்.

வரைவு கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது, தம் மனை என்ன நிறத்தில் இருக்கிறது என்பதைத்தான். அது இயல்பே, ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். நிறங்களின் விளக்கப் பட்டியலைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பிறகு நான்கு பகுதிகளை இந்த வரிசையில் படியுங்கள்: இப்போதைய நிலப்பயன்பாட்டு வரைபடம், எதிர்கால நிலப்பயன்பாட்டு வரைபடம், வகைவாரியான புல எண் பட்டியல், உத்தேசச் சாலைகளின் விவரம். முதலாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. என் கணிப்பில் அதுவே மிக முக்கியமானது. நாற்பது ஆண்டுகளாக மக்கள் வாழும் தெருவை அதில் காலி நிலம் என்று காட்டியிருந்தால், அதன்மேல் எழுப்பிய எதிர்காலத் திட்டமும் தவறாகவே இருக்கும். அது கருத்து வேறுபாடு அல்ல, தகவல் பிழை. மின் இணைப்பு ரசீதும் சொத்து வரி ரசீதும் இணைத்து அதைச் சுட்டிக்காட்டினால், மறுப்பதற்கு எவருக்கும் காரணம் இருக்காது.

புல எண் பட்டியலில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பட்டாவில் 148/3ஆ2 என்று உட்பிரிவோடு இருக்கும். பட்டியலிலோ ‘148 பகுதி’ என்று மொத்தமாகப் போட்டிருப்பார்கள். அந்தப் ‘பகுதி’ என்ற சொல்லுக்குள் உங்கள் மனை வருகிறதா, பக்கத்து அரிசி ஆலை வருகிறதா என்பது பட்டியலைப் பார்த்தால் தெரியாது. வரைபடத்தையும் புலப்பட வரைபடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாக வேண்டும். பட்டியலும் வரைபடமும் முரண்பட்டால், அந்த முரண்பாட்டையே ஓர் ஆட்சேபனையாக எழுதி, உட்பிரிவு எண்களைத் தனித்தனியே குறிப்பிடுமாறு கேளுங்கள். நகரப் பகுதியில் வார்டு, பிளாக், நகரளவை எண் ஆகிய மூன்றும் வேண்டும். பழைய கிராமப் புல எண்ணை மட்டும் எழுதினால் உங்கள் மனுவை எந்த நிலத்தோடும் பொருத்த முடியாது.

நீர்வழிகளுக்குத் தனிக் கவனம் தேவை. சின்ன வரைபடத்தில் ஏரி நீலமாகத் தெரியும். அந்த ஏரிக்கு நீர் கொண்டுவரும் குறுகிய வரத்து வாய்க்கால் கோடாகக்கூடத் தெரியாது. அ-பதிவேட்டில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்றிருக்கும் புல எண்கள், வரைவில் இருபுறமும் உள்ள வயல்களோடு சேர்ந்து குடியிருப்பு மஞ்சளுக்குள் அடங்கிவிட்டால், பின்னர் மனைப்பிரிவு போடுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அங்கே வாய்க்கால் இருந்ததே தெரியாமல் போகும். ஆகவே, முன்பு எழுதி வைத்த தாளை எடுத்து, வரைவின் ஒவ்வொரு தாளோடும் ஒப்பிட்டு, விடுபட்ட எண்களை அட்டவணையாக எழுதிக் கொடுங்கள்.

எந்தக் கோரிக்கை எங்கே செல்லும் என்பதையும் பிரித்தறிய வேண்டும். எந்தப் புல எண் எந்த வகைக்குள் வரும், எந்தச் சாலை எவ்வளவு அகலம் என்பவற்றைத் தீர்மானிப்பது முழுமைத் திட்டம். ஒரு வகைக்குள் எதைக் கட்டலாம், எவ்வளவு இடம் விட வேண்டும், தளப்பரப்புக் குறியீடு (மனையின் பரப்போடு ஒப்பிட்டு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம்) எவ்வளவு என்பவற்றைப் பெரும்பாலும் மாநிலம் முழுமைக்கும் பொதுவான, 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் தீர்மானிக்கின்றன. “எங்கள் தெருவில் அடுக்குமாடியே வரக் கூடாது” என்று திட்டக் குழுமத்துக்கு எழுதினால், அந்த விதியை மாற்றும் அதிகாரம் அதனிடம் இல்லை. அது அரசின் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு அனுப்ப வேண்டிய மனு. அதே குறையை, “இத்தெருவைக் கலப்புக் குடியிருப்பு என்பதிலிருந்து ஆதாரக் குடியிருப்புக்கு (முதன்மையாக வீடுகளுக்கான வகை) மாற்றுக” என்று எழுதினால், குழுமம் தன் அதிகாரத்துக்குள் பரிசீலிக்கக்கூடிய கோரிக்கையாகிவிடும்.

மனுவின் நடையைப் பொறுத்தவரை, கோபம் நியாயமானதாக இருந்தாலும் அதற்கு அங்கே இடம் இல்லை. ஒரு பத்தியில் ஒரு நிலம், ஒரு குறை, ஒரு வேண்டுகோள் என்று வையுங்கள். இப்படி:

“இக்கிராமப் புல எண் 148/3ஆ, வரைவின் எதிர்கால நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் தொழிற்சாலைப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளது. இந்நிலத்தின் மேற்கு எல்லையை ஒட்டி அரசு தொடக்கப் பள்ளியும், வடக்கே குடியிருப்புகளும் உள்ளன (புலப்பட வரைபடமும் புகைப்படங்களும் இணைப்பு 1, 2). ஆகவே இப்புல எண்ணை ஆதாரக் குடியிருப்புப் பகுதியாக மாற்றுமாறு வேண்டுகிறேன். என்னை நேரில் விசாரிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நேரில் விசாரிக்கும் வாய்ப்பை, அதைக் கோரியவர்களுக்கு வழங்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. கோராதவர் பின்னால் சென்று “என்னை அழைக்கவில்லையே” என்று முறையிடுவதற்கு வலுவில்லை.

விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றக் கேட்பவருக்கும் இதே முறைதான் பொருந்தும். அணுகு சாலையின் அகலம், நிலம் நீர்ப்பிடிப்பில் இல்லை என்பதற்கான சான்று ஆகியவற்றை அவர் காட்ட வேண்டும். மனை வணிகத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் நன்கு அறிந்தவர்கள், உரிய நேரத்தில் எழுதவும் செய்வார்கள். குடியிருப்போர் எழுதாவிட்டால், கோப்பில் ஒரு தரப்பின் குரல் மட்டுமே பதிவாகும்.

குடியிருப்போர் நலச் சங்கமாகச் சேர்ந்து எழுதுவது நல்லது. ஆனால் ஒரே கடிதத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திடுவதைவிட, தெருவுக்கு ஒருவர் தம் தெருவின் புல எண்களோடு தனி மனு கொடுப்பது மேல். திட்டப் பகுதிக்குள் ஊராட்சிகளும் வருமானால், கிராம சபைத் தீர்மானம் வலுவான இணைப்பு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாள்களில் ஏதேனும் ஒன்று உங்கள் அவகாசத்துக்குள் வருகிறதா என்று பார்த்து, பொருளை முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடம் எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் புல எண்கள் இடம்பெறும்படி செய்யுங்கள்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரையும் வரவு எண்ணும் பெறுங்கள். தபாலில் என்றால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் விரைவுத் தபால். விசாரணைக்குச் செல்லும்போது நீண்ட உரை தேவையில்லை. மேசைமேல் விரிக்கக்கூடிய பெரிய தாளில், உங்கள் நிலத்துக்கு மட்டும் வண்ணமிட்ட வரைபடம் ஒன்று இருந்தால் போதும். எதிரே இருக்கும் அதிகாரி தம்மிடமுள்ள வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்த பிறகு பேசத் தொடங்குங்கள்.

விசாரணை முடிந்ததும் குழுமம் திருத்தங்களுடனோ திருத்தம் இல்லாமலோ திட்டத்தை மேலே அனுப்பும். இறுதி ஒப்புதல் அரசிடமே உள்ளது. இதற்கிடையில், உங்கள் வரவு எண்ணைக் குறிப்பிட்டு, அம்மனு மீது என்ன பரிந்துரை செய்யப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஒப்புதல் அறிவிப்பு வந்தவுடன் வரைவையும் இறுதித் திட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோரிய மாற்றம் இடம்பெறவில்லை என்றாலும் வழி முற்றிலும் அடைபடவில்லை: ஒப்புதல் பெற்ற திட்டத்தில் மாறுதல் செய்யச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதற்கான விண்ணப்பத்தோடு முதலில் இணைக்க வேண்டியது, முத்திரையிட்ட உங்கள் பழைய மனுவின் நகல்.